பைண்டிங் கடைக்குப் போவதற்கு முன்

இதழியல், தொடர்பியல், விஸ்காம் துறைகளில் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கும், அதே துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, "எப்பதான் முடிப்பே?" என்று வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்களுக்கும்,



இந்த ஏப்ரலில் ஒரு கல்லூரிக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். முதுகலை டிசர்டேஷன் வைவா. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் இருபத்து மூன்று பேரை முடிக்க வேண்டும். மேசைமேல் ஸ்பைரல் பைண்டிங் கோபுரம். ஒன்பதாவது ஏட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது, ஐந்தாவதிலும் ஏழாவதிலும் இதே கேள்வித்தாளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இன்ஸ்டாகிராம் பார்க்கிறீர்கள் என்று ஆரம்பித்து, அது உங்கள் வாழ்க்கையைப் பாதிக்கிறதா என்று முடியும். கூகுள் ஃபார்மில் நூறு பேர் நிரப்பியிருக்கிறார்கள். விசாரித்தால் நூறு பேரும் ஒரே விடுதி.

"ஏம்மா நூறு?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "நூறாவது இருக்கணும்னு சொன்னாங்க சார்." யார் சொன்னார்கள்? சீனியர். சீனியருக்கு யார் சொன்னது? அவளுக்குத் தெரியவில்லை. நல்ல பெண், களத்தில் இறக்கிவிட்டால் செய்தி கொண்டுவருகிற சுறுசுறுப்பு முகத்தில் தெரிந்தது. மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ரயிலில் திரும்பும்போது அந்தச் "சொன்னாங்க" காதிலேயே இருந்தது. ஒரு செய்தியில் இப்படி மூலம் இல்லாமல் எழுதிக் கொடுத்தால் எந்த டெஸ்க்கும் திருப்பி அனுப்பிவிடும். பட்டம் முடிப்பது பற்றி மட்டும் நம் துறைப் பிள்ளைகள் எல்லாவற்றையும் "சொன்னாங்க" என்ற மூலத்திலிருந்தே எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நாளிதழ் டெஸ்க்கில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பதிவு செய்து, ஏழு ஆண்டு இழுத்து முடித்தவன். அந்த ஏழில் குறைந்தது இரண்டு, இல்லாத விதிகளுக்குப் பயந்ததில் போனது.

முதுகலையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் மர்மம் குறைவு. நான்கு செமஸ்டர், பாடத்திட்டம் சொல்லும் கிரெடிட், பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, தேர்ச்சிக்கு 50. வருகைப்பதிவு 75 சதவீதம். நம் துறையில் பலரைக் காலைவாரி விடுவது தியரி பேப்பர் அல்ல, இந்த 75தான். குறும்பட ஷூட்டிங், கல்லூரி விழாவுக்குக் கேமரா பிடிப்பது, சேனலில் பகுதி நேர வேலை என்று போய்விட்டு, ஹால் டிக்கெட் வாங்கும் நாளில் கண்டோனேஷன் கட்டணத்தோடு வரிசையில் நிற்பார்கள். துறை வேலையாகத்தான் போனீர்கள் என்றால் அன்றைக்கே ஓ.டி. எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து எந்தப் பேராசிரியருக்கும் உங்கள் ஷூட்டிங் நினைவில் இருக்காது.

இன்டர்ன்ஷிப் சான்றிதழும் அப்படியே. கடைசி நாள் மாலை, லெட்டர்ஹெட்டில், தொடங்கிய தேதி முடிந்த தேதியோடு கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஊடக நிறுவனங்களில் உங்களைப் பார்த்துக்கொண்ட சீஃப் ரிப்போர்ட்டர் அடுத்த மாதம் வேறு சேனலில் இருப்பார்.

முதுகலை ஆய்வேட்டை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், முன்பு அதற்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில் என்று ஒரு படி இருந்தது. ஒரு வருடம் தப்புத் தப்பாக எழுதிப் பழகிக்கொள்ளலாம். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் அந்தப் படியை எடுத்துவிட்டன. இனி ஒத்திகை என்றால் அந்த நூறு பக்க டிசர்டேஷன் மட்டும்தான். அதை விடுதி நண்பர்கள் நிரப்பிய கேள்வித்தாளோடு கடந்தவர், அடுத்த வருடம் ஐந்து அத்தியாயம் எழுத உட்காரும்போது கை நடுங்குவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த 2022 ஒழுங்குமுறையை உங்களில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறீர்கள்? ஒரு டீ குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். அது கேட்பதைச் சொல்கிறேன். பதிவு செய்த நாளிலிருந்து கோர்ஸ் ஒர்க் உட்படக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு தரலாம். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீதம். ஆய்வு அறம், பதிப்பு அறம் பற்றிய தாள் அதற்குள் வரும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். நாம் டி.சி. மீட்டிங் என்று சொல்வோமே, அதுதான். பிறகு ஆய்வேடு, குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள், பொது வைவா. ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வைவா முடிவு வரை எல்லாம் முடிகிற மாதிரி ஏற்பாடு செய்ய வேண்டியது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இந்த ஆறு மாதக் கணக்கு ஆய்வாளருக்குத் தெரியாமல் இருப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது.

இதில் கட்டுரை வெளியிட வேண்டும் என்று எங்கே இருக்கிறது? இல்லை. 2016 ஒழுங்குமுறையில் இருந்தது: ஆய்வேடு கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்குகளில் இரண்டு. 2022இல் மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்திருக்கலாம், வைக்க அதற்கு உரிமை உண்டு. நீங்கள் பழைய ஒழுங்குமுறையின் கீழ்ப் பதிவு செய்தவராக இருந்தால் பழையதுதான் உங்களுக்கு. ஆகவே கேட்க வேண்டிய இடம் சீனியர் அல்ல. நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதித்தொகுப்பை ஆய்வுப் பிரிவில் கேட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம், இந்த ஒரு பயத்தை வைத்தே ஒரு சந்தை நடக்கிறது. "மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்ஆப்பில் வரும். மானியக் குழு 2018இல் தரமான இதழ்களுக்கென்று கேர் பட்டியல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அந்தப் பட்டியலில் இருந்த இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளம் தொடங்கிக் காசு பறித்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலே வேண்டாம் என்று மானியக் குழு கைவிட்டது. இன்னும் "கேர் லிஸ்ட் ஜர்னல்" என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆய்வு செய்கிற ஒருவர் இப்படி ஒரு இதழில் பணம் கட்டி ஏமாந்ததை எனக்குத் தெரியும். சிரிப்பதா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கைடு விஷயத்திலும் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பேராசிரியர் எட்டு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. வெளிநாட்டு ஆய்வாளர்களைத் தவிர, அதற்கு மேல் எடுக்க முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிய ஆளை எடுக்கக் கூடாது. என் கைடு நான் பாதி வழியில் நிற்கும்போது ஓய்வு பெற்றார். அவர் போன பிறகு எட்டு மாதம் என் கோப்பு யார் மேசையில் இருந்தது என்று அந்த மேசைக்கே தெரியாது. எதற்கும் உங்கள் கைடு பிறந்த ஆண்டைப் பதமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதி நேரமாகச் சேர்கிறவர்களுக்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். என் பொறுப்பாசிரியர் அதில் கையெழுத்துப் போடும்போது, "டாக்டர் ஆனா நைட் டியூட்டி கேட்க மாட்டியே?" என்றார். ஆனேன், பிறகும் நைட் டியூட்டிதான் பார்த்தேன்.

ஆய்வாளர்களாக இருக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று விதியில் இருக்கிறது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால், இதுவரை திரட்டிய ஆய்வுத் தரவை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லவும் வழி இருக்கிறது. என்னோடு கோர்ஸ் ஒர்க் எழுதிய ஒரு தோழி, மகளிர் இதழ்களின் வாசகர் கடிதங்களை ஆறு வருடக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர், கல்யாணமாகிக் கோவைக்குப் போனதும் அப்படியே விட்டுவிட்டார். அப்போதிருந்த விதி என்ன சொன்னது என்று அவருக்கும் தெரியாது, எங்கள் யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சல்.

இனி, எந்த விதியிலும் எழுதியிருக்காத, ஆனால் நம் துறையில் ஆய்வேட்டை உண்மையில் நிறுத்திவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். கல்வெட்டு ஆய்கிறவருக்குக் கல்வெட்டு நாளைக்கும் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. நாம் ஆராய்கிற பொருள் கண்ணெதிரே கரைகிறது. ஒளிபரப்பியதன் பதிவைத் தொலைக்காட்சிகள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஒன்றிய அரசின் நிபந்தனை. அதற்குப் பிறகு நேற்றைய விவாத நிகழ்ச்சி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். யூடியூபில் ஏற்றியதிலும் சர்ச்சையான துண்டைப் பின்னால் எடுத்துவிடுவார்கள். நீங்கள் ஆராயப் போவது பெரும்பாலும் அந்தத் துண்டைத்தான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, தமிழ் டிக்டாக்கில் சாதி அடையாளம் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் ஒரே இரவில் மூலம் இல்லாத ஆய்வாளன் ஆனான். ட்விட்டர் ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருந்த இலவசத் தரவு வழியை 2023இல் மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தொகுக்க உதவிய கிரவுட்டாங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது.

அதனால் தலைப்பு உறுதியாவதற்கு முன்பே சேகரிக்கத் தொடங்குங்கள். பார்த்த நாளும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட், இறக்கிய காணொளி, இரண்டு இடத்தில் நகல். முதல் ஆறு மாதம் "லிட்டரேச்சர் ரிவ்யூ" மட்டும் செய், பொருளை அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, இரவில் சேகரியுங்கள்.

அச்சு ஊடகம் கொஞ்சம் இரக்கமுள்ளது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியும், பின்னர் வந்த திருத்தத்தால் செய்தித்தாள்களின் படியும் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். பழைய இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரத்தில் தொடங்கியது. அங்கே போய் ஒரு வாரம் உட்காருங்கள். நாளிதழை ஆராய்வதென்றால் இணையதளத்தில் உள்ள செய்தியை எடுக்காதீர்கள், தலைப்பு மாலைக்குள் மூன்று முறை மாறியிருக்கும். அச்சுப் பக்கத்தையோ இ-பேப்பரையோ எடுங்கள். எந்தப் பதிப்பு என்று குறியுங்கள். நான் வைவாவில் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். மதுரைப் பதிப்பில் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி வந்த சாதி மோதல், சென்னையில் ஏழாம் பக்கம் ஒற்றைப் பத்தியாக இருக்கும். வெளியூருக்கு முன்னிரவில் அச்சாகிற பக்கத்தில் இருக்கும் தலைப்பு நகரப் பதிப்பில் இருக்காது. இதை நானே இரவு ஒரு மணிக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன். "தமிழ் நாளிதழ்கள் இச்செய்திக்கு முக்கியத்துவம் தரவில்லை" என்று ஒரு பதிப்பை மட்டும் பார்த்து எழுதுகிறவரிடம் நான் என்ன சொல்ல?

நூறு பேரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. நூறு என்ற எண்ணில் குற்றம் இல்லை. நீங்கள் எல்லோரும் முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்கிற நிகழ்ச்சிநிரல் கோட்பாடு, அமெரிக்காவில் சாப்பல் ஹில் என்ற சிற்றூரில் 1968 தேர்தலின்போது நூறு பேரிடம் கேட்டதிலிருந்துதான் பிறந்தது. அந்த ஆய்வைச் செய்த மெக்கூம்ஸும் ஷாவும் அந்த நூறு பேரை விடுதியில் பிடிக்கவில்லை. யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களாகத் தேடிப் பிடித்தார்கள், ஏனென்றால் பிரசாரத்துக்குக் காது கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கூடவே அந்த ஊர்க்காரர்கள் படித்த பத்திரிகையையும் பார்த்த செய்தியையும் பிரித்து எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். ஏன் இந்த நூறு என்பதற்கு அவர்களிடம் விடை இருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதும் அதைத்தான்.

உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்கிறவர்கள் கோடிங் தாளைத் தனியாகவே நிரப்பிவிட்டு "ஆய்வாளர் வகைப்படுத்தினார்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தலையங்கம் அரசைத் தாங்குகிறதா தாக்குகிறதா என்பதில் நானும் என் மனைவியும்கூட ஒத்துப் போனதில்லை. இன்னொருவரை உட்கார வைத்து ஒரு பகுதியைக் குறிக்கச் சொல்லுங்கள். கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா 0.80 வந்தால் நல்லது, 0.667க்குக் கீழே போனால் வகைப்பாட்டைத் திருத்துங்கள். இந்த ஒரு வாரச் சலிப்பான வேலையைச் செய்தவரை எந்தத் தேர்வாளரும் எளிதில் அசைக்க முடியாது.

பெரும்பாலான துறைகளில் ஆய்வேடு ஆங்கிலத்தில். தமிழ்த் தலையங்கத்தை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பைக் கோடிங் செய்கிற வழக்கத்தை விடுங்கள். "அம்மையார்" என்று எழுதியதா, வெறும் பெயரா, "அவர்" என்றதா "அவள்" என்றதா என்பதெல்லாம் ஆங்கிலத்தில் செத்துப்போகும். தமிழ் மூலத்தில் குறித்து, பின்னிணைப்பில் தமிழிலேயே கொடுங்கள்.

களவு எழுத்தைப் பற்றி மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை தெளிவாக இருக்கிறது. பத்து சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தித் தர ஆறு மாதத்துக்குள் வாய்ப்பு, 40 முதல் 60 என்றால் ஓராண்டு திருத்திய ஏட்டையும் கொடுக்க முடியாது, அதற்கு மேல் பதிவே ரத்து. தமிழில் எழுதுகிறவர்களில் சிலர் பழைய எழுத்துருவில் தட்டினால் மென்பொருளால் படிக்க முடியாது என்று கண்டுபிடித்து மகிழ்கிறார்கள். ஆங்கில நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் தமிழாக்கிப் போட்டால் சிக்காது என்று இன்னும் சிலர். மென்பொருளுக்குச் சிக்காமல் போகலாம். அதுவரை "பண்ணினாங்க" நடையில் எழுதிவந்தவர் இரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் "கருத்தாக்கம் செய்யப்பட்டுள்ளதாகக் காணப்படுகிறது" என்று எழுதினால், டெஸ்க்கில் உட்கார்ந்தவனுக்கு மூன்றாவது வரியிலேயே தெரியும்.

நெட் தேர்வு பற்றிச் சுருக்கமாக: நம் பாடத்தின் எண் 63. ஜே.ஆர்.எஃப். வந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அது வந்தவர் தயவுசெய்து பகுதி நேர வேலையை விடுங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு பிரிவும் உண்டு, அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

கடைசியாக ஒன்று மிச்சமிருக்கிறது, அற்பமானது. வைவாவுக்கு முன்னால் பைண்டிங். நான் ஐந்து பிரதி கொடுத்தேன். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. கடைக்காரர் "தொடர்பியல்" என்பதை "தொடர்ப்பியல்" என்று அச்சடித்து வைத்திருந்தார். பதினெட்டு வருடம் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவனின் ஆய்வேட்டில், அதுவும் அட்டையில். மறுநாள் ஆய்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். அட்டையை உரித்து மறுபடி கட்ட அவர் இரவு பதினொன்றுவரை கடையைத் திறந்து வைத்திருந்தார், கூடுதலாகக் காசு வாங்கவில்லை. ஆகவே தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். நூலகத்தின் நோ டியூஸ் கையெழுத்தையும் அதற்கு முந்தின வாரமே வாங்கிவிடுங்கள், அந்த உதவியாளர் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார்.

என் கோடிங் தாளின் வெற்றுப் படி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். அந்த இன்ஸ்டாகிராம் கேள்வித்தாளை மட்டும் இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், என்னிடம் மூன்று படி இருக்கிறது.

அன்புடன்,
ஏழு ஆண்டில் முடித்த ஒரு பகுதி நேர ஆய்வாளன்